பழனிக்குப் போகாதவள்

என் மூத்த பிள்ளைக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் படலையடியில் மணி அடித்தபோது நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைச் சரியாகத் துடைக்காமல் வாங்கியதில் உறையின் ஒரு மூலை நனைந்துவிட்டது. பிள்ளைகள் சுகம், கந்தளாயில் இன்னும் மழை இல்லை, குளத்தில் தண்ணீர் இறங்குகிறது என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு, சொல்ல வந்ததைக் கடைசிப் பக்கத்தில் ஓரமாகச் சொருகியிருக்கிறாய். உன்னுடைய வழக்கம் அது. பள்ளிக்கூட விடுமுறைக்கு நீயும் உன் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பத்து நாள் மெட்ராஸ் பார்க்கப் போக ஆசைப்பட்டீர்களாம். ஐந்து வயதும் இரண்டு வயதுமான பிள்ளைகளைக் கடல் தாண்டி இழுத்துக்கொண்டு போய் எதைக் காட்டப்போகிறாய், வளர்ந்த பிறகு அதுகளுக்கு ஒன்றாவது நினைவிருக்குமா என்று உன் மாமியார் கேட்டாராம். அதற்குக் கீழே நீ எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன்: "பேசாமல் பழனிக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டுப் போகலாமா என்று யோசிக்கிறேன் அம்மா, நீங்கள் செய்தது போல. இல்லாவிட்டால் விட்டுவிடலாம். மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பயணத்தில் எனக்கு நினைவிருப்பது அந்தச் சலூன் கதிரை மட்டும்தான்."

இதை வாசித்ததும் எனக்கு வந்தது கோபம். உன்மேல் இல்லை. உன் மாமியார்மேல் கொஞ்சம். மிச்சம் முழுவதும் என்மேல். கோபம் ஆறட்டும் என்று மூன்று நாள் பார்த்தேன், அது ஆறுகிற கோபமாகத் தெரியவில்லை. ஆறாத கோபத்தோடேயே எழுதுகிறேன், நீ முகம் சுளிக்காமல் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போ. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ. ஆனால் பழனி என்று சொல்லாதே. மெட்ராசுக்கு, ஊர் பார்க்க, சும்மா போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போ. அன்றைக்கு நாங்கள் போனதற்கு இந்த இருபத்தைந்து வருடத்தில் நான் ஒரு நாளும் வருந்தவில்லை. இனியும் வருந்த மாட்டேன். நான் செய்த பிழை போனதில் இல்லை.

அந்தப் பயணம் என்னுடைய யோசனை. உன் அப்பாவின் யோசனை என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் நினைக்க விட்டேன். வெள்ளைக்காரக் கப்பற்படை நம்முடைய துறைமுகத்தை விட்டுப் போவதற்கு முந்தின வருடம் அது. உனக்கு ஏழு வயது, உன் தம்பிக்கு மூன்று. அப்பாவுக்குக் கப்பற்படையின் டொக்யாட்டில் லாஞ்சிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிற வேலை. காலையில் சங்கு ஊதினால் போவார், பின்னேரம் சங்கு ஊதினால் வருவார், குளித்த பிறகும் எண்ணெய் மணக்கும். சாப்பிடும்போது அன்றைக்கு வந்த கப்பலின் கதை சொல்வார். ஒன்று மால்டாவில் இருந்து வந்திருக்கும், இன்னொன்று ஹொங்கொங்கில் இருந்து. எனக்கு வயிறு எரியும். எங்கெங்கோ இருக்கிற பட்டணத்து ஆட்கள் எல்லாம் வந்து நம்முடைய துறைமுகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அதில் பிறந்து வளர்ந்த நானோ மூதூருக்கு லாஞ்சியில் போனதும் கந்தளாய்க்கு பஸ்ஸில் போனதும்தான் பெரிய பயணம். எனக்கு ஒரு பட்டணம் பார்க்க வேண்டும். அதுவும் நானும் அவரும் கிழடான பிறகு இல்லை. நீங்கள் இரண்டு பேரும் சின்னவர்களாய், தோளிலும் இடுப்பிலும் தூக்கக்கூடிய வயதில் இருக்கும்போது பார்க்க வேண்டும். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காரணம் சொல்ல ஏலாது. ஆசை என்றால் ஆசைதான்.

ஆனால் ஆசைக்காகக் கடல் தாண்டுகிற வழக்கம் நம்மிடம் இருக்கவில்லை. இந்தியாவுக்குப் போனவர்கள் சாமி கும்பிடப் போனார்கள், கலியாணச் சேலை எடுக்கப் போனார்கள், இல்லையென்றால் பெரிய வருத்தத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனார்கள். சும்மா பார்க்கப் போவது கொழுப்பு. பால்குடி மறந்து கொஞ்ச நாளான பிள்ளையையும் கொண்டு போவது கொழுப்புக்கு மேல் கொழுப்பு. அப்போது நாங்கள் உன் மாமியோடு ஒரே வீட்டில் இருந்தோம். அப்பாவைச் சின்ன வயதில் இருந்து வளர்த்த அக்கா அவர். பயணம் என்றால் அவரிடம் கேட்க வேண்டும், கேட்டால் என்ன பதில் வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆகவே நான்தான் சொன்னேன், தம்பிக்குப் போன வருடம் கடுங்காய்ச்சல் வந்தபோது பழனியில் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டோம் என்று சொல்லுங்கோ என்று. அப்பா போய்ச் சொன்னார். மாமியின் கண் கலங்கியதைப் பார்த்ததும் மனிதனுக்கு உற்சாகம் மிஞ்சி, இரண்டு பிள்ளைகளுக்கும் நேர்ந்தது என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறார். உன் தலைமயிர் அப்போது இடுப்பு வரைக்கும். தினமும் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுகிறவர் மாமிதான். புறப்படுகிற அன்று காலையில் அந்தப் பின்னலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முருகனுக்குத்தானே, போகட்டும் என்று சொன்னார். அதைப் பார்த்துக்கொண்டு நான் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன்.

இப்போது நான் சொல்வதை நன்றாக வாசி, ஏனென்றால் இது உன்னுடையது. ரயில் மாறி ரயில் ஏறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பல், தனுஷ்கோடியில் அம்மைப்பால் குத்தியதற்கான துண்டுச் சீட்டைக் காட்டிவிட்டு மறுபடி ரயில். எழும்பூரில் இறங்கியபோது தம்பி என் தோளில் நித்திரை, நீ அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை அகல விரித்தபடி நடந்தாய். நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லொட்ஜ், இரண்டாம் மாடி. முதல் இரண்டு நாளும் நாங்கள் பெரியவர்களின் பயணம் செய்தோம். வந்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று காலையில் ஒரு இடம், மத்தியானம் ஒரு இடம், பின்னேரம் கடற்கரை. தம்பி பஸ்ஸில் என் சேலை முழுக்கச் சத்தி எடுத்தான். நீ நடுத்தெருவில் குந்தியிருந்து இனி ஒரு அடி நடக்க மாட்டேன் என்றாய். அப்பாவும் நானும் அந்தத் தெருவிலேயே சண்டை பிடித்தோம், எங்கள் பேச்சைக் கேட்டு நின்ற ஒரு பழக்கடைக்காரர் நீங்கள் மலையாளமா என்று வேறு கேட்டார். மூன்றாம் நாள் காலையில் அப்பா சொன்னார், பிள்ளைகள் எழும்புகிற நேரத்துக்கு எழும்புவோம், ஒரு நாளைக்கு ஒரு இடம், மத்தியானம் எல்லாரும் நித்திரை. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மெட்ராஸ் தெரியத் தொடங்கியது. நீயும் அப்படியே செய். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொண்டுபோ, ஒரு சின்ன அடுப்பு உன் பெட்டியில் இருக்கட்டும். தங்குகிற இடத்தின் விலாசத்தை இரண்டு பிள்ளைகளின் சட்டையிலும் தைத்துவிடு. பெரியவளுக்கு ஒரு காட்சி பிடித்துவிட்டால் அடுத்த காட்சியைக் காட்ட அவசரப்படுத்தாதே, அவள் அலுக்கும் வரை நில்.

மிருகக்காட்சிச்சாலையில் நீ ஒரு சிங்கத்தின் முன்னால் ஒரு மணித்தியாலம் நின்றாய். அது அந்த நேரம் முழுவதும் நித்திரை கொண்டது. கடைசியில் ஒரு கொட்டாவி விட்டது, நீயும் விட்டாய், கூட்டுக்குக் காவல் நின்ற வாட்சர் சிரித்தார். நூதனசாலையில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, இதற்குள் அப்பாவின் லாஞ்சியை நிறுத்தலாமா என்று கேட்டாய். அப்பா அதைச் சிரிப்பாக எடுக்காமல் காலடியால் அளந்து பார்த்து, நிறுத்தலாம், ஆனால் எஞ்சினைக் கழற்ற இடம் போதாது என்று சொன்னார். ஒரு நாள் காலை முழுவதும் நாங்கள் ஒரு இடமும் பார்க்கவில்லை. மின்சார ரயிலில் ஏறி பீச் நிலையத்தில் இருந்து தாம்பரம் வரைக்கும் போனோம், அதே ரயிலில் திரும்பி வந்தோம், நீ கேட்டதால் மறுபடியும் போனோம். சனங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். எல்லாரும் எங்கே போகினம் என்று நீ கேட்டாய், வேலைக்கு என்றார் அப்பா. அப்ப நாங்கள் என்று கேட்டாய். நாங்கள் சும்மா என்றார். உனக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. எதிரில் வந்து இருந்த ஒவ்வொருவரிடமும், நாங்கள் சும்மா போறம் என்று சொன்னாய். தம்பி அப்பாவின் தோளில் இருந்து அவருடைய இரண்டு காதையும் பிடித்துக்கொண்டிருந்தான். சங்கு ஊதாத ஊரில் அந்த மனிதரை அன்றைக்குத்தான் நானே முழுப் பகலும் பார்த்தேன். நான் சந்தோஷமாக இருந்தேன், பிள்ளை. அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு ஏன் வெட்கம் வரவேண்டும்?

கடைசி மூன்று நாளில் பழனிக்கும் போய்விட்டுத் திரும்புவது என்பதுதான் எங்கள் கணக்கு. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினோம். தள்ளியது நான். கடைசி நாளும் வந்துவிட்டது, மொட்டை இல்லாமல் வீட்டுக்குப் போக ஏலாது. லொட்ஜுக்குக் கீழே ஒரு சலூன் இருந்தது. தம்பியை மடியில் வைத்து முதலில் வழித்தார்கள், அவன் கைகாலை உதைத்து அழுதான், முடிந்தது. உன்னைக் கதிரையில் ஏற்றி, கைப்பிடிகளுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டு இருத்தினார்கள். நீ அழவில்லை. ஏன் என்று கேட்டாய். சாமிக்கு என்றேன். நீ கண்ணாடியில் அந்தச் சலூன் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாய்.

"சாமி எங்க அம்மா?"

சவரக்காரர் கத்தியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்பா வெளியே போய்த் தெருவில் நின்றுகொண்டார். நான், வழியுங்கோ என்றேன். பின்னலைத் தாளில் சுற்றித் தந்தார்கள், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தலைக்குச் சந்தனம் பூசி, கடையில் ஒரு பொட்டலம் விபூதி வாங்கிக்கொண்டு ரயில் ஏறினோம்.

வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் கூடம் நிறைய ஆட்கள். மாமி விபூதியைக் கண்ணில் ஒற்றி எல்லாருக்கும் பூசினார். யாரோ உன்னை மடியில் இழுத்து வைத்து, பழனி மலையில் எத்தனை படி ஏறினாய் என்று செல்லமாகக் கேட்டார்கள். நீ கேட்டதற்குப் பதில் சொன்னாய், வேறு ஒன்றும் செய்யவில்லை.

"நாங்கள் பழனிக்குப் போகேல்லை. மெட்ராசில சலூனில வழிச்சவை. நாங்கள் சிங்கம் பாத்தனாங்கள்."

அந்த நேரம் எனக்கு உன் முகம் தெரியவில்லை, மாமியின் முகம்தான் தெரிந்தது. இவள் பொய் சொல்லுறாள், வழி முழுக்க நித்திரை கொண்டவள், இவளுக்கு என்ன தெரியும் என்றேன். நீ, இல்லை அம்மா என்று மறுபடி தொடங்கினாய். நான் அடித்தேன். மொட்டைத் தலையோடு நின்ற பிள்ளையின் கன்னத்தில், அவ்வளவு பேருக்கும் முன்னால். நீ அப்பாவைப் பார்த்தாய், அவர் நிலத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் எனக்கும் தெரியும் என்பதை நீ அறிய வேண்டும். இனசனத்துக்குள் உன் பெயர் 'பழனிக்குப் போகாதவள்' என்று ஆயிற்று. பகிடியாகத்தான் சொன்னார்கள். ஆனால் வீட்டில் ஒரு கோப்பை உடைந்தாலும், பள்ளிக்கூடத்தில் ஒரு சண்டை வந்தாலும், நீ சொல்வதைக் கேட்டு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மற்றவர்களிடம் விசாரித்தார்கள். நானும் விசாரித்தேன். நீ மெட்ராசைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாய். சிங்கத்தை, திமிங்கிலத்தை, ரயிலை ஒரு நாளும் வாயெடுத்துச் சொல்லவில்லை. சொன்னால் பொய் என்பார்கள் என்று பயந்தாயா, சொல்லாமல் இருந்து இருந்து மறந்தே போய்விட்டாயா என்று எனக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைகளுக்கு நினைவிருக்காது என்று உன் மாமியார் சொல்வது பிழை. தம்பி மூன்று வயதில் பார்த்தவன், இன்றைக்கும் அப்பாவின் தோளில் இருந்து ரயில் பார்த்த கதை சொல்கிறான். ஏனென்றால் அவனை ஒருவரும் அடிக்கவில்லை. உன்னிடம் இருந்ததை நான் பறித்தேன். பத்து நாள் ஒரு பட்டணத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு பின்னேரத்தில் பறித்துவிட்டேன். உனக்கு மிஞ்சியது சலூன் கதிரை.

நேற்று வெள்ளிக்கிழமை உன் அப்பப்பாவின் திவசம். சாப்பாடு முடிந்து இனசனம் எல்லாம் கூடத்தில் இருந்தார்கள், மாமி நடுவில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். உன்னைப் பொய்க்காரி ஆக்கிய அதே கூடத்தில் ஆட்கள் இருக்கும்போதே சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் முன்னால் போய் நின்றேன்.

"மச்சாள், நாங்கள் அண்டைக்குப் பழனிக்குப் போகேல்லை. பிள்ளை சொன்னதுதான் உண்மை. பொய் சொன்னது நான்."

மாமி பாக்குவெட்டியை நிறுத்தவும் இல்லை. தெரியும் என்றார்.

"பழனிக்குப் போயிட்டுப் பஞ்சாமிர்தம் இல்லாமல் வந்த ஆக்களை நான் இன்னும் காணேல்லை. நீ பெட்டியைத் திறந்த உடன தெரியும்."

பார்த்தாயா? மொட்டையை யோசித்தோம், சந்தனத்தை யோசித்தோம், விபூதியை யோசித்தோம். அங்கே போகிற எவரும் மறக்காமல் வாங்கி வருகிற ஒரு டப்பாப் பஞ்சாமிர்தம் எங்கள் இரண்டு பேரின் மூளையிலும் வரவில்லை. அப்படியென்றால் ஏன் பிள்ளையைப் பொய்க்காரி என்று விட்டீர்கள் என்று கேட்டேன். என் குரல் பெரிதாகத்தான் இருந்தது. அப்போது அவர் பாக்குவெட்டியைக் கீழே வைத்தார்.

"தாய் அடிச்சுச் சொன்ன பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது? நீயாகச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். நீ சொல்லேல்லை. பிறகு எனக்கும் அது பழகிப்போச்சு."

எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது, ஆனால் அதை அவர்மேல் கொட்ட எனக்கு என்ன உரிமை? வீட்டில் இருந்த மூன்று பெரியவர்களுக்கும் உண்மை தெரியும், ஏழு வயதுப் பிள்ளை தனியாக அதைச் சுமந்திருக்கிறது. சுவரோரக் கதிரையில் இருந்த அப்பா அப்போதுதான் வாய் திறந்தார். சலூனுக்கு வெளியே போய் நின்றவன் நான், கூடத்தில் நிலத்தைப் பார்த்தவனும் நான் என்று சொன்னார். பிறகு யாரும் கேட்காமலே அந்த மின்சார ரயிலின் கதையைத் தொடங்கினார். எல்லாரும் கேட்டார்கள். மாமி சிங்கம் உண்மையாகவே கொட்டாவி விட்டதா என்று விசாரித்தார். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்காமல் குசினிக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

ஆகவே பழனி என்கிற பெயரை நீ உன் பிள்ளைகளின் பயணத்துக்குள் கொண்டு வராதே. நேர்த்தி இருந்தால் பழனிக்குப் போ, பஞ்சாமிர்தத்தோடு வா. ஆசை இருந்தால் மெட்ராசுக்குப் போ. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோய்விட்டது, இப்போது இராமேசுவரத்தில் இறங்க வேண்டும், மற்றபடி கடல் அதே கடல்தான். ஆசைப்படுவது குற்றம் இல்லை. ஆசைக்குச் சாமி வேஷம் போட்டு, அந்த வேஷத்தைக் காப்பாற்றப் பிள்ளையின் வாயில் அடித்ததுதான் குற்றம், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். போனதற்குக் கேட்க மாட்டேன். உன் பிள்ளைகள் திரும்பி வந்து கூடத்தில் நின்று பார்த்ததை எல்லாம் உரக்கச் சொல்ல வேண்டும், நீ பக்கத்தில் நின்று ஓம், ஓம், உண்மைதான் என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நாளை ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நான் கந்தளாய்க்கு வருகிறேன். தபாலில் போட்டால் பிந்தும், இந்தக் கடிதத்தை நானே கையில் கொண்டுவந்து தருவேன். நீ குசினிக்குள் போய் ஒளிந்துகொள்ளக் கூடாது. உன் மாமியாருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, உன்னையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு சொல்லப்போகிறேன்: என்ர மகள் மெட்ராஸ் பாக்கப் போறாள், வேற ஒண்டுக்கும் இல்லை. அவள் பொய் சொல்ல மாட்டாள். ஏழு வயதில அவள் உண்மை சொன்னவள், நான்தான் அடிச்சனான்.

அம்மா